கிராஸ்டாக்: இடைவெளியைக் கூட்டும் முன் கிரவுண்டைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு மூன்று மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். கீழே சம்ப், மொட்டை மாடியில் தொட்டி, நடுவில் மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் கண்ட்ரோலர் பெட்டி. மெட்ரோ தண்ணீர் வந்து சம்ப் நிறைந்திருக்கிறது, தொட்டி பாதிகூட ஏறவில்லை, மோட்டார் சட்டென்று நின்றுவிடுகிறது. ஃப்ளோட் சுவிட்ச் நன்றாக இருக்கிறது. வயர் சரி. புரோகிராமிலும் தப்பு தெரியவில்லை. ஆனால் டிஸ்ப்ளேயைக் கழற்றிவிட்டால் கோளாறு காணாமல் போகிறது.

இப்படி ஒரு போர்டு மேசைக்கு வந்தால் டிஸ்ப்ளேக்குச் சீரான துடிப்பைக் கொண்டுபோகும் கிளாக் ட்ராக்கும் (போர்டின் செம்புக் கோட்டைத்தான் ட்ராக் என்கிறோம்) ஃப்ளோட் சுவிட்சின் ட்ராக்கும் எவ்வளவு தூரம் ஒட்டி ஓடுகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு ட்ராக்கில் ஓடும் சிக்னல், தொடவே தொடாத பக்கத்து ட்ராக்கில் போய்த் தெரிவதுதான் கிராஸ்டாக். பழைய தரைவழித் தொலைபேசியில் நாம் பேசும்போது வேறு யாரோ பேசுவது மெல்லக் கேட்குமே, அதுவும் இதே இயற்பியல்தான். தொந்தரவு கொடுக்கும் ட்ராக்கை இந்தக் கட்டுரையில் ‘தாக்கும் ட்ராக்’ என்றும், வாங்கிக்கொள்வதை ‘பாதிக்கப்படும் ட்ராக்’ என்றும் சொல்கிறோம்.

இரண்டு வழிகள்

அருகருகே ஓடும் இரண்டு செம்புக் கோடுகளுக்கு நடுவே, யாரும் வைக்காமலே ஒரு சிறிய கெபாசிட்டர் உருவாகிவிடுகிறது. தாக்கும் ட்ராக்கில் வோல்டேஜ் வேகமாக ஏறும்போது அந்தக் கெபாசிட்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் அடுத்த ட்ராக்குக்குள் பாய்கிறது. அதே நேரத்தில் தாக்கும் ட்ராக்கில் ஓடும் கரண்ட் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அது பக்கத்து ட்ராக்கும் அதன் கிரவுண்ட் பாதையும் (கரண்ட் திரும்பிவரும் பொதுவான 0 வோல்ட் செம்பு) சேர்ந்த வளையத்துக்குள் புகுந்து, டிரான்ஸ்ஃபார்மரில் நடப்பதுபோலவே அங்கே ஒரு வோல்டேஜைத் தூண்டுகிறது. முதலாவது வோல்டேஜ் மாறும் வேகத்தைப் பொறுத்தது, இரண்டாவது கரண்ட் மாறும் வேகத்தைப் பொறுத்தது.

எண்களை வைத்துப் பார்த்தால் பிடிபடும். சாதாரண 1.6 மி.மீ. இரண்டு லேயர் (செம்பு அடுக்கு) போர்டில் 0.25 மி.மீ. அகல ட்ராக் இரண்டு, 0.25 மி.மீ. இடைவெளியில், 100 மி.மீ. நீளத்துக்கு இணையாகப் போனால் இடையே ஏறக்குறைய 4, 5 பிகோஃபாரட் தேறும். 5 என்றே வைத்துக்கொள்வோம். பாதிக்கப்படும் ட்ராக்குக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, சிப்பின் பின்னையும் சேர்த்து, 10 பிகோஃபாரட். ட்ராக்கை மேலே பிடித்திருப்பது வெறும் 10 கே புல்-அப், அதாவது ட்ராக்கை 3.3 வோல்டோடு இணைக்கும் 10,000 ஓம் ரெசிஸ்டர். அந்த ரெசிஸ்டர் வினைபுரிய 150 நானோசெகண்ட் ஆகும், சிக்னல் விளிம்போ (வோல்டேஜ் ஏறும் அல்லது இறங்கும் கணம்) 2 நானோசெகண்டில் முடிந்துவிடும். ஆகவே அந்தக் கணத்தில் புல்-அப் இருந்தும் இல்லாததுபோலத்தான், இரண்டு கெபாசிட்டர்கள் மட்டும் வோல்டேஜைப் பங்குபோட்டுக்கொள்கின்றன: 3.3 × 5 ÷ 15 = 1.1 வோல்ட். தாக்கும் ட்ராக் கீழே இறங்கும்போது, 3.3 வோல்டில் நின்ற ட்ராக் 2.2-க்குச் சரியும். 3.3 வோல்ட் சிப்புகள் பலவற்றில் 2.3 வோல்ட் அளவுக்கு மேலே இருந்தால்தான் ‘ஹை’ என்பதற்கு உத்தரவாதம். இன்டரப்ட் பின்னில் (புரோகிராமை உடனே கூப்பிடும் பின்) இது விழுந்தால் ஃப்ளோட் சுவிட்ச் தட்டியதாகவே புரோகிராம் நினைத்துக்கொள்ளலாம்.

காந்த வழிக்கும் ஒரு கணக்கு: இரண்டு ட்ராக்குகளுக்கும் பொதுவான இன்டக்டன்ஸ் 30 நானோஹென்றி, கரண்ட் 2 நானோசெகண்டில் 20 மில்லிஆம்பியர் ஏறுகிறது என்றால், தூண்டப்படுவது 0.3 வோல்ட். இதைப் புல்-அப்பை மாற்றி அடக்க முடியாது. வளையத்தின் பரப்பைக் குறைத்தால்தான் குறையும்.

கிளாக் வேகமல்ல, விளிம்பின் வேகம்

‘என் போர்டு 1 மெகாஹெர்ட்ஸ்தானே, எனக்கு எதற்கு இதெல்லாம்’ என்பது மிகப் பரவலான தப்புக்கணக்கு. மேலே போட்ட கணக்குகளில் கிளாக் அதிர்வெண் எங்கும் வரவில்லை. வந்ததெல்லாம் 2 நானோசெகண்ட் என்கிற ரைஸ் டைம்தான், அதாவது விளிம்பு ஏற எடுக்கும் நேரம். நொடிக்கு ஒருமுறை மட்டும் மாறும் பின்கூட 1 நானோசெகண்டில் ஏறினால், அந்த விளிம்பில் சுமார் 350 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமான சரக்கு இருக்கிறது (0.35-ஐ ரைஸ் டைமால் வகுத்தால் கிடைப்பது).

பழைய 74எச்சி வகை ஐசிக்களின் விளிம்பு 5, 6 நானோசெகண்ட் எடுத்துக்கொள்ளும். அதே இடத்தில் 74ஏசி வகையைச் செருகினால் அது 2 நானோசெகண்டுக்கு வந்துவிடும். சுற்று அதே, பின் வரிசை அதே, ஆனால் போர்டு பைத்தியம் பிடித்ததுபோல் நடக்கும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டது இல்லை என்று மாற்று ஐசி வாங்கிப் போட்டபின் ‘எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஓட மாட்டேங்குது’ என்று நிற்கும் போர்டுகளில் இதையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

கிரவுண்ட் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது

தொடக்கநிலையில் எல்லோருக்கும் சொல்லித்தரப்படுவது ‘3 டபிள்யூ’ விதி: இரண்டு ட்ராக்குகளின் நடுக்கோடுகளுக்கு இடையே ட்ராக் அகலத்தைப் போல மூன்று மடங்கு விடு. இந்த விதி பாதி உண்மை. ட்ராக் அகலமும் கிரவுண்டுக்கான உயரமும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருக்கும் பல லேயர் போர்டுகளில் பிறந்த விதி இது. 1.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு லேயர் போர்டில் 0.25 மி.மீ. ட்ராக்குக்கு இதைப் போட்டால் 0.75 மி.மீ. வரும். கிரவுண்டோ 1.5 மி.மீ. கீழே கிடக்கிறது. விதியை மதித்தாயிற்று, கிராஸ்டாக் போகவில்லை.

காரணம் திரும்பிவரும் கரண்டில் இருக்கிறது. சிக்னல் கரண்ட் போனால் அதே அளவு கரண்ட் கிரவுண்ட் வழியாகத் திரும்பியாக வேண்டும். வேகமான விளிம்புகளில் அது கிரவுண்ட் பிளேன் (லேயர் முழுக்க விரித்த கிரவுண்ட் செம்பு) முழுக்கப் பரவி வராது, ட்ராக்குக்கு நேர் கீழேயே ஒட்டி வரும். எவ்வளவு ஒட்டி என்பதை உயரம் தீர்மானிக்கிறது: ட்ராக்கின் நடுவிலிருந்து இருபுறமும் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் சுமார் 80 விழுக்காடு கரண்ட் அடங்கிவிடும். உயரம் 0.2 மி.மீ. என்றால் இருபுறமும் 0.6 மி.மீ.க்குள் பெரும்பகுதி முடிந்தது. 1.5 மி.மீ. என்றால் 4.5 மி.மீ. வரை பரவி, பக்கத்தில் இருக்கும் நாலைந்து ட்ராக்குகளின் கீழேயும் ஓடும்.

இதிலிருந்து கையால் போடக்கூடிய ஒரு சூத்திரம் கிடைக்கிறது. நடுக்கோடுகளின் தூரம் ‘தூ’, கிரவுண்டிலிருந்து உயரம் ‘உ’ என்றால், இணைப்பின் (சிக்னல் தாவும் விகிதத்தின்) உச்ச அளவு 1 ÷ (1 + (தூ/உ)²) என்பதை ஒட்டியது. உண்மையான அளவு இதைவிடக் குறைவாகவே இருக்கும், ஆனால் இரண்டு அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். தூரம் 0.5 மி.மீ., உயரம் 1.5 மி.மீ. என்றால் 0.9 வருகிறது. தூரத்தை இரட்டிப்பாக்கி 1 மி.மீ. ஆக்கினால் 0.69. அவ்வளவுதான் லாபம். மாறாக, தூரத்தைத் தொடாமல் கிரவுண்டை 0.2 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் 0.14. அதற்கப்புறம் தூரத்தையும் 1 மி.மீ. ஆக்கினால் 0.04-க்கு இறங்கிவிடும். இடைவெளி என்கிற மருந்து, கிரவுண்ட் அருகில் இருந்தால்தான் வேலை செய்கிறது.

நாலு லேயர் போர்டு இந்த 0.2 மி.மீ.யைத்தான் தருகிறது. 1.6 மி.மீ. போர்டில் வெளி லேயருக்கும் அதன் அடுத்த லேயருக்கும் இடையே வழக்கமாக 0.2 மி.மீ. அளவில்தான் இருக்கும், நடுவில் தடித்த பகுதி. இரண்டாவது லேயரை முழுக்கக் கிரவுண்டாக விட்டுவிட்டு, வேகமான சிக்னல்களை மேல் லேயரில் ஓட்டுங்கள். காசு கூடத்தான். ஆனால் இரண்டு முறை போர்டு அடித்து, இரண்டு முறை பாகங்களைச் சால்டர் செய்வதைவிட மலிவு என்பது எங்கள் கருத்து.

இரண்டு லேயர்தான் முடியும் என்றால் அதிகம் பேர் யோசிக்காத ஒரு வழி உண்டு: 0.8 மி.மீ. தடிமனில் போர்டு கேளுங்கள். உயரம் 0.7 மி.மீ. ஆகிவிடும், 1 மி.மீ. தூரத்தில் 0.69 என்றிருந்தது 0.33 ஆகும். ரிலேயும் பெரிய டெர்மினல் பிளாக்கும் இருந்தால் மெல்லிய போர்டு வளையும், ஆகவே ஸ்க்ரூ துளைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டிலோ பாலிடெக்னிக் லேபிலோ பெர்ரிக் குளோரைடில் அரித்து எடுக்கும் ஒற்றைப் பக்கப் போர்டில் கிரவுண்ட் பிளேன் என்பதே கிடையாது. அங்கே செய்யக்கூடியது, கிளாக் ட்ராக்குக்குப் பக்கத்திலேயே ஒரு கிரவுண்ட் ட்ராக்கை முழு நீளத்துக்கும் கூட்டிப்போவதுதான். போர்டு முழுக்கச் செம்பை நிரப்பி, அது நாலு தீவாகத் துண்டாகிக் கிடந்தால் ஒரு பயனும் இல்லை.

கிரவுண்டை வெட்டாதீர்கள்

கீழ் லேயர் முழுக்கக் கிரவுண்ட் என்று ஆரம்பித்து, கடைசியில் இடம் போதாமல் ஒரே ஒரு ட்ராக்கைக் கீழே இறக்குவோம். 40 மி.மீ. நீள ஒரு கோடு, கிரவுண்டை இரண்டாகக் கிழித்துவிடும். அதற்கு மேலே குறுக்காகப் போகும் எட்டு சிக்னல்களின் திரும்பும் கரண்டும் அந்த வெட்டின் முனையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். எட்டும் ஒரே வழியில் நெருக்கியடித்துக்கொண்டு போவதால் ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் இணைந்துவிடுகிறது. மேல் லேயரில் எத்தனை மி.மீ. இடைவெளி விட்டிருந்தாலும் இங்கே உதவாது.

கீழே இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் 5, 6 மி.மீ. நீளக் குட்டிப் பாலமாக இறக்கி உடனே மேலே ஏற்றுங்கள். கனெக்டர் பின்களைச் சுற்றியுள்ள துளைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து இதேபோல் ஒரு நீள வெட்டை உண்டாக்கும். போர்டு வரையும் மென்பொருளான கைகாடில் ஸோன் (கிரவுண்ட் செம்புப் பரப்பு) நிரப்பியபின் கீழ் லேயரை மட்டும் தனியாகக் கண்ணால் பாருங்கள். கனெக்டர் பின்களுக்கு நடுவே செம்பு அறுபடாமல் போகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. கிரவுண்ட் இணைந்தே இருக்கும் வரை, மென்பொருளின் விதிச் சோதனையான டிஆர்சி இதைப் பிழை என்று காட்டாது.

கேபிளிலும் இதே கதை. பழைய கம்ப்யூட்டர்களின் ஐடிஇ ஹார்ட் டிஸ்க் கேபிள் முதலில் 40 கம்பிகளாக இருந்தது. அல்ட்ரா டிஎம்ஏ 66 வேகம் வந்தபோது அதை 80 கம்பியாக்கினார்கள். கனெக்டரில் பின்கள் கூடவில்லை, அதே 40தான். சேர்ந்த 40-ம் கிரவுண்ட், ஒவ்வொரு சிக்னலுக்கும் நடுவே ஒன்று. உங்கள் டிஸ்ப்ளே ரிப்பன் கேபிளில் 10 கம்பி இருந்து, கிரவுண்ட் மட்டும் ஓரத்தில் ஒற்றையாக இருந்தால் பின் வரிசையை மாற்றுங்கள். கிளாக்கின் இரு பக்கமும் கிரவுண்ட் வரட்டும்.

இணையாக ஓடும் நீளம்

நீளத்தைக் குறைத்தால் கிராஸ்டாக் குறையும், ஆனால் ஒரு எல்லைக்கு உட்பட்டு. எஃப்ஆர்-4 (வழக்கமான கண்ணாடி இழை) போர்டின் வெளி லேயரில் சிக்னல் ஒரு மி.மீ. கடக்கச் சுமார் 6 பிகோசெகண்ட் எடுக்கும். பின்னோக்கி, அதாவது அனுப்பும் முனைப் பக்கம் வரும் கிராஸ்டாக், ரைஸ் டைமில் பாதி நேரத்துக்குரிய நீளத்தில் உச்சத்தைத் தொட்டுவிடும். 2 நானோசெகண்ட் விளிம்புக்கு அது ஏறத்தாழ 165 மி.மீ. ஆகவே 100 மி.மீ.யை 30 ஆக்கினால் நல்ல பலன். விளிம்பு 0.5 நானோசெகண்ட் என்றால் உச்சம் 40 மி.மீ.யிலேயே வந்துவிடும், 100-ஐ 60 ஆக்கி ஒன்றும் ஆகாது. முன்னோக்கிப் போகும் வகை, வெளி லேயர் ட்ராக்குகளில் நீளத்தோடு வளர்ந்துகொண்டே போகும். இரண்டு கிரவுண்டுகளுக்கு நடுவே புதைந்த உள் லேயர் ட்ராக்கில் அது கிட்டத்தட்ட இல்லை.

நடுவே கிரவுண்ட் இல்லாத இரண்டு சிக்னல் லேயர்கள் இருந்தால் ஒன்றில் நெடுக்காகவும் மற்றதில் குறுக்காகவும் ஓட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இணையாகப் போகும் ட்ராக்குகள் பக்கவாட்டில் போவதைவிட மோசம். ஸ்க்ரீனில் பார்க்கும்போது ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்வதால் கண்ணுக்கும் சிக்காது.

கார்டு ட்ராக் போடலாமா

இரண்டு சிக்னல்களுக்கு நடுவில் ஒரு கிரவுண்ட் ட்ராக் (இதுதான் கார்டு ட்ராக்) போட்டால் சுவர் வைத்ததுபோல் ஆகிவிடும் என்று நம்பி எல்லா இடத்திலும் போடுகிறார்கள். கார்டு ட்ராக்குக்கு இடம் தர இரண்டு சிக்னல்களையும் தள்ளி வைக்கிறோம் அல்லவா, கீழே முழுக் கிரவுண்ட் இருக்கும் போர்டில் பலனில் பெரும்பகுதி அந்தத் தள்ளலிலேயே வந்துவிடுகிறது. ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் கட்டி மறுமுனையைத் தொங்கவிட்ட கார்டு ட்ராக், தாக்கும் ட்ராக்கிடமிருந்து வாங்கி அடுத்ததிடம் கொடுக்கும் தரகனாக மாறும். போடுவதானால் இரு முனையிலும் வயா (லேயர்களை இணைக்கும் செம்பு பூசிய துளை), நடுவிலும் வயா வேண்டும். 1 நானோசெகண்ட் விளிம்புக்கு 10 முதல் 15 மி.மீ.க்கு ஒரு வயா போதும். வயா போட இடமில்லை என்றால் கார்டு ட்ராக்கை எடுத்துவிட்டு வெறும் இடைவெளியாகவே விடுங்கள்.

தாக்குபவனை அடக்கு, வாங்குபவனைப் பலப்படுத்து

விளிம்பை மெதுவாக்குவது இருப்பதிலேயே மலிவான வைத்தியம். எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலரில் ஒவ்வொரு பின்னுக்கும் வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 1 மெகாஹெர்ட்ஸ் டிஸ்ப்ளேக்கு ‘வெரி ஹை’ வைக்கத் தேவையே இல்லை, ‘லோ’ போதும். இஎஸ்பி32 என்றால் டிரைவ் ஸ்ட்ரெங்த்தை (பின் தரும் கரண்டின் பலத்தை) குறைக்கலாம். வன்பொருளில் செய்வதானால், கிளாக்கை அனுப்பும் பின்னுக்கு 10 மி.மீ.க்குள் ஒரு சீரீஸ் ரெசிஸ்டர்: நாலு லேயரில் 50 ஓம் இம்பீடன்ஸ் (வேகமான விளிம்புக்கு ட்ராக் காட்டும் எதிர்ப்பு) உள்ள ட்ராக்குக்கு 22 அல்லது 33 ஓம், 1.6 மி.மீ. இரண்டு லேயரில் மெல்லிய ட்ராக் 130 ஓமை ஒட்டி இருக்கும் என்பதால் 68 முதல் 100 ஓம். வாங்கும் முனையில் வைத்தால் இந்த ரெசிஸ்டர் பெரிதாக எதையும் செய்யாது.

மெதுவான இன்புட்டுகளுக்கு 10 கே, 100 நானோஃபாரட் ஃபில்டர். மேலே பார்த்த 1.1 வோல்ட் குத்தல், 100 நானோஃபாரட் இருந்தால் 0.2 மில்லிவோல்டுக்கும் கீழே போய்விடும். ஃப்ளோட் சுவிட்ச் 1 மில்லிசெகண்ட் தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாது. ஆனால் இடம் முக்கியம். பலர் இந்த இரண்டையும் வயர் வந்து சேரும் டெர்மினலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கிருந்து சிப்புக்கு 80 மி.மீ. ட்ராக் இழுப்பார்கள். கெபாசிட்டர் சிப்பின் பின்னை ஒட்டி இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த 80 மி.மீ. முழுக்க மறுபடி வாங்கிக்கொள்ளும். ரீசெட் பின்னுக்கும் இதே விதி.

சிப்புகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பி இணைப்பான ஐ2சி-யில் இப்படிக் கெபாசிட்டர் போட முடியாது. அங்கே புல்-அப்பை 10 கே-யிலிருந்து 4.7 அல்லது 2.2 கே-க்கு இறக்குங்கள்; குத்தலின் உயரம் குறையாவிட்டாலும் அது சீக்கிரம் அடங்கிவிடும். 3.3 வோல்டில் 1 கே-க்குக் கீழே போக வேண்டாம், சாதாரண ஐ2சி சிப்புகள் 3 மில்லிஆம்பியர்தான் இழுக்கும்.

ரிலே காண்டாக்டில் மோட்டார் தீப்பொறி விடும்போது போர்டு ரீசெட் ஆவது வேறு நோய். அது வயர் வழியாகவும் பவர் வழியாகவும் வருவது. காண்டாக்டுக்குக் குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (மெயின்ஸ் மின்சாரத்துக்கான வகை) கெபாசிட்டர் சேர்ந்த ஸ்னப்பர், அதாவது தீப்பொறியை அடக்கும் சுற்று, வையுங்கள். 230 வோல்ட் ட்ராக்குகளுக்கும் லோ வோல்டேஜ் பக்கத்துக்கும் 6 மி.மீ.க்குக் குறையாமல் விடுங்கள். இது சிக்னலுக்காக அல்ல, உயிருக்காக.

கிராஸ்டாக்தானா என்று உறுதி செய்வது

ஆசிலோஸ்கோப்பில் பார்க்கும்போது முதலில் ப்ரோபின் முதலை கிளிப் வயரைக் கழற்றுங்கள். அந்த 10, 15 செ.மீ. வயரே ஒரு ஆண்டெனா. இல்லாத குத்தல்களையும் அது காட்டும். ப்ரோபோடு வரும் குட்டி ஸ்பிரிங்கை மாட்டி, பக்கத்து கிரவுண்டில் தொடுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பின் சொந்த ரைஸ் டைமே 3.5 நானோசெகண்ட், ஆகவே 1 நானோசெகண்ட் குத்தலை அது உண்மை உயரத்தில் காட்டாது. திரையில் 0.4 வோல்ட் தெரிந்தால் நிஜத்தில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

தாக்கும் சிக்னலில் ட்ரிகர் வைத்து, பாதிக்கப்படும் ட்ராக்கை ‘லோ’விலும் ‘ஹை’யிலும் அசையாமல் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு விளிம்போடும் குத்தல் ஒட்டி வந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் சிப்பின் உள்ளே கிரவுண்ட் துள்ளுவதும் அச்சு அசல் இப்படித்தான் தெரியும். அதே சிப்பில் ட்ராக்கே இல்லாத ஒரு பின்னை அவுட்புட்டாக்கி ‘லோ’வில் வைத்து அளந்து பாருங்கள். அங்கேயும் குத்தல் இருந்தால் குற்றவாளி ட்ராக் அல்ல. சிப்பின் பவர் பின்னருகே இருக்க வேண்டிய 100 நானோஃபாரட் இருக்கிறதா, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் போர்டுகளுக்கு இன்னொரு சந்தேகமும் தேவை. கடல் காற்றில் வரும் உப்பு, கழுவாமல் விட்ட சால்டர் ஃப்ளக்ஸின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து, இரண்டு ட்ராக்குகளுக்கு நடுவே மெகா ஓம் அளவில் கசிவை உண்டாக்கும். 1 மெகா ஓம் புல்-அப் போட்ட சென்சார் இன்புட்டுக்கு அது போதும். கிராஸ்டாக் விளிம்பு வரும் கணத்தில் மட்டும் தோன்றி மறையும். கசிவோ நிலையாக நிற்கும், மழைக்காலத்தில் கூடும், ஹேர் டிரையரால் சூடேற்றினால் குறையும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் புகாமல் காக்கும் பூச்சு) அடித்தால் தீரும்.

அடித்து வந்துவிட்ட போர்டுக்கு

புரோகிராமில் பின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், காசு செலவில்லை. அடுத்து, கிளாக் பாதையில் 0 ஓம் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு 47 அல்லது 100 ஓம். பிறகு பாதிக்கப்படும் பின்னிலேயே, பக்கத்து கிரவுண்ட் வயாவுக்கு ஒரு கெபாசிட்டரைக் குறுக்காகச் சால்டர் செய்யுங்கள். ரீசெட்டுக்கு 100 நானோஃபாரட், கொஞ்சம் வேகமான இன்புட்டுக்கு 1 நானோஃபாரட்டிலிருந்து தொடங்கலாம். இன்புட்டை வேறொரு சிப்பின் அவுட்புட் நேரடியாக ஓட்டுகிறது என்றால் நடுவே 1 கே ரெசிஸ்டரும் வேண்டும்.

இதிலும் அடங்கவில்லை என்றால் பாதிக்கப்படும் ட்ராக்கை இரு முனையிலும் பிளேடால் வெட்டிவிட்டு, மெல்லிய ராப்பிங் வயரில் மாற்றுப் பாதை போடுங்கள். வயரைக் கூடவே ஒரு கிரவுண்ட் வயரோடு முறுக்கி, கிரவுண்ட் வயரை இரு முனையிலும் சால்டர் செய்து, போர்டோடு படியும்படி பசையால் ஒட்டுங்கள். ஆகாயத்தில் வளைந்து நிற்கும் தனி வயர், வெட்டிய ட்ராக்கைவிடப் பெரிய வளையம். நடுவில் மட்டும் வெட்டி, மீதி 80 மி.மீ. செம்பைப் பின்னோடு தொங்கவிட்டால் கிராஸ்டாக் அப்படியே தொடரும். ஆகவே முதல் வெட்டு, சிப்பின் கால் பக்கம்.